கணினி கேள்வி – பதில்: சர்வர் அங்கே, நாம் இங்கே

கேள்வி: ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வரில் 500 ஜிபி டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, பேக்கப்புக்காக எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) ஃபார்மேட் செய்தேன். காலி டிஸ்க்கிலேயே 25 ஜிபி காணோம். அதை மீட்க வேண்டும், ரீபூட் ஆனாலும் தானாக மவுண்ட் ஆகும்படி (ஒரு டைரக்டரியோடு இணையும்படி) எஃப்எஸ்டேப்பில், அதாவது எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் ஃபைலில், எழுதவும் வேண்டும். தூரத்திலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் ஒன்றுதான் எனக்கு வழி. கை வைக்கப் பயமாக இருக்கிறது சார்.

பதில்: அந்த 25 ஜிபி எங்கும் போகவில்லை. ஃபார்மேட் செய்யும்போதே 5 சதவீத இடத்தை எக்ஸ்ட்4 ரூட்டுக்கென்று (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி கணக்கு) எடுத்து வைத்துவிடும், மற்றவர்கள் டிஸ்க்கை நிரப்பினாலும் சிஸ்டம் லாக் எழுதவும் நீங்கள் உள்ளே போய்ச் சுத்தம் செய்யவும் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் அதைத் தொடாதீர்கள். பேக்கப் டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் மைனஸ் எம் போட்டு 1 கொடுங்கள், 20 ஜிபி திரும்பி வரும். மவுண்ட் ஆகி ஓடும்போதே செய்யலாம், ஆபத்தில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது எஃப்எஸ்டேப்புக்குத்தான். நான் ஒருமுறை டிஸ்க்கின் அடையாள எண்ணான யூயூஐடியைக் காப்பி செய்யச் சோம்பல்பட்டு கையால் அடித்தேன். ஒரு எழுத்து தப்பு. ரீபூட் கொடுத்தேன், அவ்வளவுதான், சர்வர் வாயே திறக்கவில்லை. அந்த யூயூஐடி உள்ள டிஸ்க் வரும் வரும் என்று, சர்வரை எழுப்பும் புரோகிராமான சிஸ்டம்டி 90 விநாடி பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய், எதிரே கீபோர்டோடு யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து ரூட் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். எஸ்எஸ்ஹெச் எழுந்தே இருக்காது. ஃபயர்வாலில் செய்வதுபோல பத்து நிமிடத்தில் பழைய ஃபைலைத் திருப்பி வைக்க, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் போடலாமே என்பீர்கள், எமர்ஜென்சி மோடில் கிரானும் ஓடாது.

அதனால் எழுதி முடித்ததும் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை வெரிஃபை ஆப்ஷனோடு ஓட்டுங்கள். அப்புறம் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு மவுண்ட் மைனஸ் ஏ போடுங்கள். பலர் அன்மவுண்ட் செய்யாமலே போட்டுப் பார்த்து, பிழை எதுவும் வரவில்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருந்தால் அது அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், எதையும் சோதித்ததாகாது.

ஆப்ஷன்களில் நோஃபெயில் கட்டாயம் சேருங்கள், டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். ஆனால் இதில் ஒரு வில்லங்கம்: டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் பேக்கப் ஸ்கிரிப்ட் அது தெரியாமல் அதே பெயருள்ள காலி டைரக்டரியில், அதாவது சிஸ்டம் டிஸ்க்கில், கொட்டி நிரப்பிவிடும். அன்மவுண்ட் ஆகியிருக்கும்போதே அந்தக் காலி டைரக்டரிக்கு சிஹெச்ஆட்டர் கட்டளையில் பிளஸ் ஐ கொடுத்துப் பூட்டிவிடுங்கள், ரூட்டாலும் எழுத முடியாது. மேலே டிஸ்க் மவுண்ட் ஆனபின் வழக்கம்போல எழுதலாம்.

இதற்கெல்லாம் முன்னால், வாடகைக்குக் கொடுத்தவரின் பேனலில் ரெஸ்க்யூ சிஸ்டமோ (சர்வர் எழாதபோது வேறு சிஸ்டத்தில் எழுப்பிச் சரிசெய்யும் வழி) கன்சோலோ (சர்வரின் திரையும் கீபோர்டும் பிரவுசரில்) எங்கே இருக்கிறது என்று தேடி, ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கிளவுட் இமேஜ் பலவற்றில் ரூட் பாஸ்வேர்டே பூட்டிக் கிடக்கும், கன்சோல் கிடைத்தும் உள்ளே போக முடியாது.

கேள்வி: ஃபைலைக் கடைசியாகப் படித்த நேரத்தைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் நோஏடைம் ஆப்ஷனை மவுண்டில் போட்டால் சர்வர் பறக்கும் என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை. 2009-இல் வந்த 2.6.30 லினக்ஸ் கெர்னலிலிருந்து, அந்த நேரத்தை அவசியமானபோது மட்டும் எழுதும் ரிலேடைம்தான் இயல்பு. ஃபைலைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதுவது அப்போதே நின்றுவிட்டது. ஆசைக்குப் போட்டுப் பாருங்கள், ரீமவுண்ட் போதும், ரீபூட் வேண்டாம்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற இன்னொரு சிஸ்டம்) சர்வரின் ரூட் பார்ட்டிஷனில், அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில், திடீரென நின்றுபோனால் டிஸ்க்கைச் சீக்கிரம் சரிபார்க்க உதவும் சாஃப்ட் அப்டேட்ஸ் ஜர்னலை எஸ்எஸ்ஹெச் வழியாகவே இயக்க முடியுமா?

பதில்: ஃப்ரீபிஎஸ்டி 9.0-இல் வந்த அந்த வசதியை டியூன்எஃப்எஸ் மூலம்தான் இயக்க வேண்டும். எழுதும்படி மவுண்ட் ஆன பார்ட்டிஷனை அது மாற்றாது. ஹோம் என்றால் ரூட்டாக உள்ளே போய், அதைப் பிடித்திருக்கும் புரோகிராம்களை நிறுத்தி அன்மவுண்ட் செய்து முடித்துவிடலாம். ரூட் பார்ட்டிஷனுக்கு சிங்கிள் யூசர் மோட் (கன்சோலில் ஒருவர் மட்டும் வேலை செய்யும் பராமரிப்பு நிலை) வேண்டும், அங்கே எஸ்எஸ்ஹெச் கிடையாது. கன்சோலோ ரெஸ்க்யூ சிஸ்டமோ இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.