ஒரு கோடைக்கு ஒரு வளையம்

கேள்வி: வளையத்தை எண்ணினா மரத்தோட வயசு தெரியும்னு ஸ்கூல்ல படிச்சோம். அதை வெச்சு ஆயிரம் வருஷத்துக்கு முந்தின குளிரை எப்படி சார் சொல்றாங்க? எப்ப பார்த்தாலும் சைபீரியா, லாப்லாந்து, அலாஸ்கான்னு வடக்குப் பேராவே வருதே, அது ஏன்?

பதில்: ரெண்டாவது கேள்வியிலயே முதல் கேள்விக்கு பதில் இருக்கு. மரம் வளர வெளிச்சம், தண்ணி, சூடு, மண்ணுல சத்துன்னு பலது வேணும், இதுல எது ரொம்ப பத்தலையோ அதுதான் அந்த வருஷ வளர்ச்சியைப் பிடிச்சு நிறுத்தும். வறண்ட பிரதேசத்துல அது மழை. ஆர்க்டிக் ஓரத்துல, இதுக்கு மேல வடக்க மரமே கிடையாதுங்கற எல்லையில நிக்கற பைன், லார்ச், ஸ்ப்ரூஸுக்கு சூடுதான் பத்தாது. அங்க தண்டு பருக்கறதே ஜூன் வாக்குல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடிஞ்சிடும், அந்தக் கொஞ்ச நாள் நல்லா சூடா இருந்தா வளையம் அகலமா விழும், குளிர்ந்து கிடந்தா ஒல்லியா விழும். அதனால அங்க ஒரு வளையம்னா ஒரு கோடையோட கணக்கு. குளிர்காலம் அதுல வராது, இதை மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் சுலபமா புரியும்.

அகலத்தை விட நல்ல சாட்சி ஒண்ணு இருக்கு, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்சது அதுதான். ஒரு வளையத்தை உத்துப் பார்த்தா உள்பக்கம் வெளிறி இருக்கும், வெளிப்பக்கம் கருத்திருக்கும். வெளிறின பாகம் சீசன் ஆரம்பத்துல உண்டான பெரிய பெரிய செல், கருத்த பாகம் கடைசியில உண்டான சின்ன செல், அதோட சுவர் தடிமனா இருக்கும். கோடை கடைசி வரைக்கும் சூடு நின்னாதான் அந்தச் சுவர் நல்லா தடிக்கும். அதனால மரத்தை மெல்லிசா சீவி எக்ஸ்ரே எடுத்து அந்தக் கரும்பாகம் எவ்வளவு அடர்த்தின்னு அளக்கறாங்க. சுவிட்சர்லாந்து மரவளைய ஆராய்ச்சியாளர் ஃப்ரிட்ஸ் ஷ்வைன்க்ரூபர் இப்படி வடக்குக் காடுகள் பூரா மாதிரி எடுத்து அளந்தார். அந்த அளவுகள்ல 1601-ஆம் வருஷம் தனியா கீழ விழுந்து தெரியுது, அறுநூறு வருஷத்துலயே மோசமான குளிர் கோடை அது. காரணம் எங்கேயோ இருக்கற பெரு நாட்டுல! 1600 பிப்ரவரியில அங்க ஹுவாய்னபுட்டினா எரிமலை வெடிச்சு, அது கக்கின கந்தகம் வானத்து மேல்மட்டத்துல மெல்லிய திரையா பரவி வெயிலைத் திருப்பி விட்டுச்சு. அடுத்த கோடைக்கு வடக்குக் காட்டு மரமெல்லாம் செல் சுவரை முழுசா கட்டவே முடியாம போச்சு.

கேள்வி: ஒரு பைன் மரம் சில நூறு வருஷம் இருக்கும், சரி. ஆனா வளையத்தை வெச்சு ஏழாயிரம் வருஷத்துக்குக் கணக்கு இருக்குன்னு சொல்றாங்களே, அது எங்கிருந்து வருது?

பதில்: செத்த மரத்துல இருந்துதாங்க. ஃபின்லாந்து லாப்லாந்துல சின்னச் சின்ன ஏரி நிறைய, கரையில நின்ன பைன் எல்லாம் உள்ள விழுந்து சேத்துல புதைஞ்சு போச்சு, அங்க ஆக்சிஜன் இல்லாததால மக்கவே இல்ல. இப்ப உயிரோட இருக்கற மரத்தோட உள்பக்க வளையங்கள்ல ஒல்லி, அகலம், அகலம், ரொம்ப ஒல்லின்னு ஒரு வரிசை இருக்கும்ல, அதே வரிசை பழைய மரத்தோட வெளிப்பக்கத்துல இருந்தா ரெண்டும் ஒரே காலத்துல நின்ன மரம், அதோட உள்பக்கத்தை இன்னும் பழசோட பொருத்தணும், இப்படியே சங்கிலி மாதிரி போய் 7,500 வருஷத்துக்கு மேல விடுபடாம கோத்துட்டாங்க. சைபீரியாவுல யமால் பக்கம் ஆத்தங்கரையில உறைஞ்சு கிடக்கற லார்ச்சை வெச்சும் இதே வேலை நடந்திருக்கு. ஒத்தை மரத்தை நம்பி இதைச் செய்யவே கூடாது, ஏன்னா ரொம்பக் குளிர்ற வருஷம் சில மரத்துல வளையமே விழாது, எண்ணிக்கிட்டே போனா ஒரு வருஷம் தப்பிடும். பல மரத்தைப் பக்கத்துல வெச்சாதான் அந்தத் தப்பு பிடிபடும்.

கேள்வி: 1960-க்கு அப்புறம் வளையமும் தெர்மாமீட்டரும் ஒத்துப் போகலைன்னு சொல்றாங்களே, அப்ப பழசை மட்டும் எப்படி நம்பறது?

பதில்: நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாத கேள்வியும்கூட. வளையம் நேரடியா டிகிரி சொல்லாது. தெர்மாமீட்டர் கணக்கு இருக்கற வருஷங்களோட வளையத்தை ஒப்பிட்டு, இவ்வளவு அடர்த்தின்னா இவ்வளவு சூடுன்னு ஒரு உறவைக் கண்டுபிடிச்சு, அந்தக் கணக்குல கொஞ்சத்தை ஒதுக்கி வெச்சு அதுல சோதிச்சுப் பார்த்துட்டுதான் பின்னாடி போறாங்க. 1995-ல கார்டன் ஜேக்கபி, ரோசான் டி'அரிகோன்னு மரவளைய ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் அலாஸ்காவுல இந்த உறவு தளர்றதைச் சொன்னாங்க, 1998-ல கீத் பிரிஃபா குழு இது வடக்குல பல இடத்துலயும் இருக்குன்னு காட்டுச்சு. வெயில் ஏறிக்கிட்டே போகுது, மரம் அந்த அளவுக்கு வளரல. சூடு கூடினதால இப்ப தண்ணிதான் பத்தாமப் போச்சா, பனி லேட்டா கரையுதா, காத்துல மாசு கூடி வெளிச்சம் குறைஞ்சதா, இளசுல அகல வளையமும் வயசானா ஒல்லி வளையமும் போடற மரத்தோட இயல்பைக் கழிக்கற கணக்குலயே கோளாறான்னு பல காரணம் பேசறாங்க, ஒரே காரணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அதே சமயம் ஸ்காண்டினேவியாவோட வடபகுதி மாதிரி இடங்கள்ல பெரிய விலகல் இல்ல. அதனால எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்ல, எந்த இடத்து மரம் இன்னிக்கும் சூட்டுக்கு ஒழுங்கா பதில் சொல்லுதுன்னு பார்த்து எடுக்கணும், பனிப்பாறை, ஏரிச் சேறு மாதிரி வேற சாட்சியோட வெச்சும் பார்க்கணும். விலகற வருஷத்தை வரைபடத்துல மறைக்காம காட்டறதுதான் சரின்னு நான் உறுதியா நம்பறேன்.

கேள்வி: இதுக்காக மரத்தை வெட்டுவாங்களா?

பதில்: இல்ல. நெஞ்சு உயரத்துல, கையால திருகற குழல் மாதிரி ஒரு துளைக்கருவியை நடுத்தண்டு வரைக்கும் விட்டு, 5 மில்லிமீட்டர் கனத்துல ஒரு குச்சியை உருவி எடுத்துடுவாங்க. பைன், ஸ்ப்ரூஸெல்லாம் அந்த ஓட்டையைத் தானே பிசின் விட்டு அடைச்சுக்கும்.