முழுவேஷத்தோடு வீதியில் இறங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

தசரா நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பல, தலை முதல் கால் வரை மூடுகிற வேஷத்தோடு வெளியே போவதைப் பற்றியே கேட்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. சிறு வயதில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, குணமானால் குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு வேஷம் போடுவதாக நேர்ந்துகொண்டேன். இந்த ஆண்டு விரதம் இருந்து, கரடி வேஷம் கட்டி, தசரா செட்டோடு (வேஷக்காரர் குழுவோடு) ஊர் ஊராகக் காணிக்கை எடுக்கப் போகிறேன் என்கிறான். அந்த உடையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. தடுக்க மனமில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, நாசரேத்

பதில்: நேர்ச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, அம்மா. ஆனால் அந்த உடைக்குள் வியர்வை என்ன ஆகிறது என்பதை நீங்களும் மகனும் தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறக்குறைய 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது; மேளத்துக்கு ஆடும்போது அது மூன்று, நான்கு மடங்காகிவிடும். நம் ஊர் வெயிலில் அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கிற பெரிய வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அதே ஒரு லிட்டர் ஆவியாகாமல் சொட்டிக்கொண்டிருந்தால் உடம்பின் சூடு குறையாது, நீரும் உப்பும்தான் குறையும். செயற்கை மயிர் வைத்துத் தைத்த கரடி உடைக்குள் ஈரக்காற்று வெளியேற வழியின்றித் தேங்குவதால், உங்கள் மகன் தெப்பமாக நனைந்தபடியே சூடேறிக்கொண்டிருப்பான். "நல்லா வேர்க்குது, ஒண்ணும் ஆகாது" என்று செட்டில் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்கள். அதோடு குலசை கடற்கரை ஊர்; காற்றிலேயே ஈரம் மிகுதி. விரதக்காரர்களில் பலர் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இத்தனையும் ஒன்றுசேரும் நாள்களில்தான் இந்த உடை அணியப்படுகிறது. வேஷங்களில் காளிதான் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். சடைமுடியின் கனத்தாலும் விரதத்தின் கட்டுப்பாட்டாலும் அது உண்மை. இருந்தாலும் காளி கட்டியவரின் முகம் திறந்திருக்கிறது. கனத்துக்குக் காளி, சூட்டுக்குக் கரடி என்றே நான் சொல்வேன்.

ஆகவே, செட்டில் உண்டியல் பிடிக்க ஒருவரையும் காணிக்கைக் கணக்கு எழுத ஒருவரையும் வைப்பதுபோல, கரடிக்கென்றே வேஷம் கட்டாத ஒருவரை ஒதுக்கச் சொல்லுங்கள். மகனின் அண்ணனோ, மாமா மகனோ, உரிமையோடு அதட்டக்கூடியவராக அவர் இருப்பது நல்லது. கால் மணிக்கு ஒருமுறை மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எதையாவது கேட்பதும், பதில் தாமதமானாலோ நடை தடுமாறினாலோ யாரிடமும் அனுமதி கேட்காமல் தலையைக் கழற்றுவதும் அவர் வேலை. அரை மணிக்கு ஒருமுறை, எதுவும் ஆகாவிட்டாலும், நிழலில் நிறுத்தித் தலையைக் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது. இளநீரும் உப்புப் போட்ட நீர்மோரும் கொடுக்கலாம். கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொண்டால் போதும்.

உடை வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். கரடித் தலை உடலோடு சேர்த்துத் தைக்கப்படாமல் தனியாகக் கழற்றும்படி இருக்க வேண்டும். ஜிப் முதுகில் இல்லாமல் அவன் கைக்கே எட்டும்படி முன்பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்றைச் செட்டுக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: தீச்சட்டி எடுக்கிறவர் ஆடும்போது கரடி பக்கத்தில் நிற்கக் கூடாது. செயற்கை மயிர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தட்டி உதறி அணைக்க முடியாது. கரடித் தலையோடு இரு சக்கர வண்டி ஓட்டுவதும் கூடவே கூடாது.

தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு என்று அவன் சொன்னால் அன்றைக்கு வேஷத்தைக் கலைத்துவிட வேண்டும். பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. உடையை வெட்டியாவது அகற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கேள்வி: கல்லூரியில் படித்துக்கொண்டே, கடை திறப்பு விழாக்களில் முயல், கரடி பொம்மை உடை அணிந்து வாசலில் நின்று கையசைக்கும் வேலைக்குப் போகிறேன். பெரியவர்கள்கூடப் பின்னாலிருந்து அடிக்கிறார்கள், வாலைப் பிடித்து இழுக்கிறார்கள். குழந்தைகள் எதிரில் தலையைக் கழற்றக் கூடாது என்று ஏஜென்சிக்காரர் கட்டளை போட்டிருக்கிறார். மயக்கம் வந்தாலுமா?
– வாசகர், கோவை

பதில்: மயக்கம் வருவதுபோல் தோன்றிய அந்தக் கணமே, எத்தனை குழந்தைகள் எதிரில் நின்றாலும், தலையைக் கழற்றிவிடுங்கள். பொம்மைக்குள் ஆள் இருக்கிறது என்பது தெரிந்து குழந்தை கொஞ்சம் ஏமாந்துபோகலாம். நீங்கள் அதன்மேல் விழுந்தால் நிலைமை வேறு. சாதாரண நேரத்தில் அந்தக் கட்டளையில் நியாயம் இருக்கிறது என்பதால், கழற்றி உட்கார ஓர் அறை எங்கே இருக்கிறது என்பதை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தொழிலாக ஒழுங்காகச் செய்யும் இடங்களில் 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள், அல்லது ஓய்வு கொடுக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்று பேசுகிறவரிடம், இரண்டு ஆள் வேண்டும் என்று தயங்காமல் சொல்லலாம்.

அடிப்பதைப் பற்றி: முகம் தெரியாத உடம்பை அடிக்க மனிதர்களுக்குக் கை கூசுவதில்லை, உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் செய்கிறார்கள். அதற்கு எளிய தடுப்பு, சுவரையோ கடைக் கண்ணாடியையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பது. இப்படிப்பட்ட உடைகளில் பெரும்பாலும் பொம்மையின் வாய்க்குள் இருக்கும் வலை வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும். நாலைந்து அடி தள்ளி நிற்கிறவர் தெரிவார். தாடைக்குக் கீழே வந்து காலைக் கட்டிக்கொள்கிற குழந்தை தெரியாது. பக்கவாட்டுப் பார்வையும் இல்லை, காதும் பாதி அடைத்திருக்கும். அதனால்தான் உடன் ஒருவர் நின்று, "வலது பக்கம் குழந்தை", "இரண்டு படி இறக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவரோடு ஒரு சைகையை முன்கூட்டியே பேசிவையுங்கள். இரு கைகளையும் தலைமேல் வைத்தால் உடனே உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்பதுபோல.

ஏஜென்சி உடை பலர் மாறி மாறிப் போடுவது. தடித்த பருத்திச் சட்டை நனைந்து கனத்துவிடும் என்பதால் விளையாட்டு வீரர்கள் அணிகிற மெல்லிய முழுக்கை பனியனும், தலைக்குச் சொந்தமாக ஒரு துணி முகமூடியும் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் படர்தாமரையையும் சம்பளத்தோடு வீட்டுக்கு எடுத்துவருவீர்கள். இப்போது வருகிற காற்று நிரப்பிய டைனோசர் வகை உடைகளில் இடுப்பருகே ஒரு சிறு மின்விசிறி காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதால் சூடு சற்றுக் குறைவு. ஆனால் பேட்டரி தீர்ந்ததும் உடை முகத்தின்மேல் சரிந்து பார்வையை மறைக்கும்.

கேள்வி: என் இரண்டு வயதுப் பேரன் பொம்மை வேஷக்காரரைக் கண்டாலே அலறுகிறான். பயத்தைப் போக்க அவர் கையில் கொடுத்துப் படம் எடுக்கலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: கூடாது. கண்ணும் வாயும் அசையாத பெரிய முகம் அந்த வயதில் பலருக்கும் பயம்தான்; வளர வளரத் தானாகவே போய்விடும். தொலைவிலிருந்து கையசைக்கச் செய்யுங்கள். வேஷக்காரர் குந்தி உட்கார்ந்து, குழந்தை தானாக வந்தால் வரட்டும் என்று காத்திருக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில், பிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் பேத்தி, நரியும் ஓநாயுமாக வேஷம் போட்ட நூற்றுக்கணக்கானோர் நடுத்தெருவில் ஊர்வலம் போகும் படங்களை அனுப்பியிருந்தாள். நேர்ச்சையும் இல்லை, கூலியும் இல்லை என்கிறாள். பின் எதற்காக இந்தப் பாடு?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஆசைக்காக. மனிதரைப் போல நடந்து பேசும் விலங்குப் பாத்திரங்களில் ஈடுபாடு கொண்டவர்கள் அங்கே தங்களை ஃபர்ரி என்று அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கூடும் ஆந்த்ரோகான் என்கிற மாநாடு 2006 முதல் பிட்ஸ்பர்க்கில் கோடையில் நடந்துவருகிறது. ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு விலங்கை, அதன் நிறம், பெயர், குணம் உட்படக் கற்பனை செய்துகொள்கிறார்கள். வசதியுள்ளவர்கள் அதை உடையாகவும் தைத்துக்கொள்கிறார்கள். நுரைப்பஞ்சில் செதுக்கிய தலையோடு கையால் செய்யப்படும் முழு உடை சில ஆயிரம் டாலர் ஆகும் என்பதால், வருகிறவர்களில் எல்லோரிடமும் அது இருப்பதில்லை. தலையும் கையுறையும் வாலும் மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

வேடிக்கை பார்க்கத் தோன்றும். ஆனால் அவர்களுடைய ஏற்பாட்டிலிருந்து நம் தசரா செட்டுகளும் ஏஜென்சிகளும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இத்தகைய மாநாடுகளில், தலையைக் கழற்றி வைத்து ஓய்வெடுக்க மட்டும் ஒரு தனி அறை ஒதுக்குகிறார்கள். படம் எடுப்பவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. குடிநீர் இருக்கும், விசிறிகளுக்கு முன்னால் நரித் தலைகளும் புலித் தலைகளும் உலர்ந்துகொண்டிருக்கும். உடையணிந்தவர் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் துணையாளுக்கும் அங்கே ஒரு தனி மதிப்பு உண்டு.

நேர்ச்சை, கூலி, ஆசை இவற்றுக்குள் அடங்காத நான்காவது காரணமும் நம் பக்கத்தில் இருக்கிறது: உடுப்பியில் ஒரு கட்டடத் தொழிலாளி, கிருஷ்ண ஜெயந்தி நாள்களில் விசித்திர உருவங்களாக வேஷமிட்டு, சேரும் பணத்தை நோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்குக் கொடுத்துவந்திருக்கிறார்.

கேள்வி: வியன்னாவில் படிக்கும் என் தம்பி, நண்பனின் பிறந்தநாளுக்கு முகம் மூடிய டைனோசர் உடையில் ரயிலேறிப் போகத் திட்டமிட்டிருக்கிறான். இதற்குப் போய்ப் போலீஸ் பிடிக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: பிடிக்கலாம். ஆஸ்திரியாவில் 1 அக்டோபர் 2017 முதல், பொது இடத்தில் முகத்தை மறைப்பதற்குத் தடை இருக்கிறது. அபராதம் 150 யூரோ வரை. இஸ்லாமியப் பெண்களின் முகத்திரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகவே அந்தச் சட்டம் பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் நடைமுறைக்கு வந்த முதல் மாதத்திலேயே வியன்னாவில் ஒரு கடைக்கு விளம்பரமாகச் சுறாமீன் உடையில் நின்ற ஆள் அபராதத்துக்கு உள்ளானார். கலை நிகழ்ச்சிக்கும் மரபான விழாவுக்கும் விலக்கு உண்டு. நண்பனின் பிறந்தநாள் அதில் சேரும் என்று வாதாடுவது கடினம். தம்பி டைனோசர் தலையைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்து, வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளட்டும். பிரான்சிலும் இதே போன்ற சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அங்கும் விழாவுக்கும் கலைக்கும் விலக்கு இருக்கிறது.

வேஷத்தைக் கண்டு அரசுகள் மிரண்டது இன்று நேற்றல்ல. நியூயார்க் மாநிலத்தில் 1840களில், பெரும் நிலக்கிழார்களுக்குக் குத்தகை கொடுக்க மறுத்த குடியானவர்கள், பூப்போட்ட சீட்டித்துணி அங்கியும் ஆட்டுத்தோல் முகமூடியும் அணிந்து, தகரக் கொம்பு ஊதிக்கொண்டு, ஜப்தி செய்ய வந்த அதிகாரிகளை விரட்டினார்கள். அதை ஒடுக்க 1845-இல் கொண்டுவந்த முகமூடித் தடைச் சட்டம் 175 ஆண்டுகள் ஏட்டில் இருந்தது. கொரோனாவுக்காக எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டிவந்த 2020-இல்தான் அது நீக்கப்பட்டது. டிஸ்னி பூங்காக்களிலோ வேறு கவலை: 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சாதாரண நாள்களில் வேஷம் போட்டு வர முடியாது, அவர்களைப் பூங்காவின் ஊழியர் என்று குழந்தைகள் எண்ணிவிடக் கூடாது என்பதே காரணம்.

இந்தியாவில் முகத்தை மறைப்பதற்கென்று பொதுவான தடைச் சட்டம் இல்லை.

கேள்வி: எங்கள் செட்டில் போலீஸ் வேஷம் கட்ட ஒருவர் நேர்ந்திருக்கிறார். இது சட்டப்படி குற்றம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், சாத்தான்குளம்

பதில்: குலசையில் குறவன், அரசன், பிச்சைக்காரரோடு போலீஸ் வேஷமும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆம் பிரிவு, தன்னை அரசு ஊழியர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அத்தகைய உடையை அணிவதைத்தான் குற்றமாக்குகிறது. மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆகவே, பார்த்ததுமே வேஷம் என்று தெரிய வேண்டும். முகத்தில் அரிதாரம் இருக்கட்டும். துறையின் உண்மையான இலச்சினையையும் பெயர்ப்பட்டையையும் தவிர்த்துவிடுங்கள். லத்தி அட்டையாக இருந்தால் போதும். கூர்மையான இரும்பு ஆயுதங்களுக்குக் காவல்துறை அங்கே தடை விதிப்பது வழக்கம் என்பதால், மற்ற வேஷக்காரர்களின் வேலும் வாளும்கூட அட்டையாகவே இருக்கட்டும். வீட்டு வாசலில் நின்று காணிக்கை கேட்பது வரை அவர் வேஷக்காரர். நெடுஞ்சாலையில் கையைக் காட்டி வண்டியை நிறுத்திக் கேட்டால், வழக்குப் பதிவு செய்யும் அதிகாரியிடம் நேர்ச்சையைச் சொல்லி மட்டும் தப்ப முடியாது.