வீட்டு நிறமாலைமானி: வரைபடத்தை நம்பும் முன்

அட்டைப்பெட்டி, மெல்லிய பிளவு, டி.வி.டி.யிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, வெப்கேம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி செய்ய இவ்வளவு போதும். பெட்டியை ஒட்டி முடித்து, பிரவுசரில் நிறமாலையைத் திறந்து பார்க்கும்போதுதான் சந்தேகங்கள் கிளம்புகின்றன. வந்த கேள்விகளில் மென்பொருள் பக்கம் சேர்ந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். பெட்டி கட்டுவது தனிக்கதை.

கேள்வி: வானவில் பட்டை கேமராவிலேயே அழகாகத் தெரிகிறது. அதற்கு மேல் மென்பொருள் என்னதான் செய்கிறது?

பதில்: நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். பட்டையின் நீளவாக்கில் ஒரு வரிசைப் பிக்சல்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு, 0 முதல் 255 வரை. அவற்றின் சராசரியைச் செங்குத்து அச்சில் வைக்கும். பிக்சல் எண்ணை அலைநீளமாக மாற்றிக் கிடை அச்சில் வைக்கும். அவ்வளவுதான், வரைபடம் தயார்.

பிரவுசரில் ஓடும் இந்த வகை மென்பொருள்களில் பலரும் அறிந்தது ஸ்பெக்ட்ரல் வொர்க்பெஞ்ச். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது, கரையோர மக்களோடு சேர்ந்து பலூனில் கேமரா கட்டிப் படமெடுத்தவர்களிடமிருந்து உருவான பப்ளிக் லேப் குழுவின் வேலை அது. 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, நாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் நிறமாலைமானியையும் கொண்டுவந்தார்கள். மூலநிரல், யாரும் பார்த்து மாற்றிக்கொள்ள இடம் தரும் ஜி.பி.எல். உரிமத்தில், கிட்ஹப் தளத்தில் கிடக்கிறது. இதில் நமக்கு என்ன லாபம்? வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால், அது ஒளியிலிருந்து வந்ததா, இடையில் மென்பொருள் செய்த கணக்கில் முளைத்ததா என்று நிரலைத் திறந்தே பார்த்துவிடலாம். எண்ணை மட்டும் காட்டி, வழியைக் காட்டாத செயலிகளில் இதற்கு வாய்ப்பே இல்லை.

கேள்வி: சி.எஃப்.எல். பல்பை வைத்து நீலம், பச்சை இரண்டு கோடுகளைக் குறித்து அளவுத்திருத்தம் (எந்தப் பிக்சல் எந்த அலைநீளம் என்று பொருத்துவது) செய்தேன். பச்சை வரை சரி. சிவப்புக்கு வந்தால் இரண்டு மூன்று நானோமீட்டர் தள்ளிப்போகிறது. மென்பொருளில் பிழையா?

பதில்: மென்பொருளில் பிழை இல்லை. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் அது ஒரு நேர்கோட்டைத்தான் போட முடியும். ஆனால் கீற்றணியும் (ஒளியைப் பிரிக்கும் அந்த டி.வி.டி. துண்டு) கேமரா லென்ஸும் ஒளியை நேர்கோட்டுக் கணக்கில் பரப்புவதில்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பல்புக்குள் இருக்கும் பாதரசத்தின் நீலக் கோடு 435.8 நா.மீ. அது 412-ஆம் பிக்சலில் விழுகிறது. பச்சைக் கோடு 546.1 நா.மீ.; அது 640-இல் விழுகிறது. இடைவெளி 228 பிக்சல், 110.3 நா.மீ. ஆகவே பிக்சலுக்கு 0.484 நா.மீ. இதே வேகத்தில் போனால் 781-ஆம் பிக்சலில் இருக்கும் சிவப்பு உச்சம் 614.3 என்று வரும். அந்தச் சிவப்பு, பல்பின் உட்பூச்சில் உள்ள யூரோப்பியம் என்ற தனிமத்தின் ஒளி. அது இருக்க வேண்டிய இடம் 611-ஐ ஒட்டி. நீங்கள் சொல்லும் அதே மூன்று நானோமீட்டர்தான் இது.

தீர்வு, மூன்றாவது புள்ளியாக அந்தச் சிவப்பையும் சேர்த்து இருபடிச் சமன்பாடு போடுவது. கையில் இருக்கும் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், தரவைத் தரவிறக்கி எந்த விரிதாளிலும் போடலாம். ஒன்று மட்டும் கவனம்: மூன்று புள்ளிக்கு இருபடி போட்டால் வளைவு மூன்றையும் தொட்டுக்கொண்டு போகும், தப்பு எங்கே என்று தெரியவே தெரியாது. அதனால் 404.7-இல் இருக்கும் பாதரசத்தின் ஊதாக் கோட்டைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். சமன்பாடு போட்ட பிறகு அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 404-க்கும் 406-க்கும் இடையில் விழுந்தால் இந்த வகைக் கருவிக்கு அது நல்ல கணக்கு.

பச்சைக் கோட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. 546.1-க்குப் பக்கத்திலேயே, 542 முதல் 544 வரை, அதே பூச்சில் உள்ள டெர்பியம் என்ற தனிமத்தின் ஒளியும் உண்டு. பிளவு அகலமாக இருந்தால் இரண்டும் ஒட்டி ஒரே கொழுத்த உச்சமாகத் தெரியும். அதன் நடுவில் 546.1 என்று குறித்தால் தொடக்கமே கோணல். உச்சத்தின் இடது தோளில் ஒரு புடைப்புத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் வலது பக்க உச்சியைக் குறியுங்கள். தெரியவில்லை என்றால் முதலில் பிளவைக் குறுக்குங்கள், கணக்கு அப்புறம்.

கேள்வி: சி.எஃப்.எல். பல்பே கிடைப்பதில்லை. எல்.இ.டி. பல்பை வைத்துச் செய்யலாமா?

பதில்: கூடாது. வெள்ளை எல்.இ.டி.யில் 450 நா.மீ. அருகே ஒரு நீல மேடும், அதைத் தொடர்ந்து மஞ்சள் பக்கம் பெரிய குன்றும்தான் இருக்கும். கூர்மையான கோடு எதுவும் இல்லை. நீல மேட்டின் இடமும் பல்புக்குப் பல்பு மாறும்.

பழைய குழல்விளக்கு இருந்தால் போதும், உள்ளே அதே பாதரசம்தான். நியான் காட்டிவிளக்கும் நல்லது: 585.2, 640.2, 703.2 என்று மஞ்சளிலிருந்து சிவப்பு வரை கோடுகள் கிடைக்கும். பச்சை லேசர் பாயிண்டர் பெரும்பாலும் 532-இல் நிற்கும். சிவப்பு, ஊதா லேசர்களின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், சில நானோமீட்டர் அங்கே இங்கே இருக்கும். எந்த லேசரையும் நேரே பிளவுக்குள் விடாமல், வெள்ளைத் தாளில் பட்டுச் சிதறும் ஒளியை எடுங்கள்.

செலவே இல்லாத வழி பகல் வானம். சூரிய ஒளியில் 1814-இல் ஃபிரான்ஹோபர் ஆராய்ந்து குறித்த கருங்கோடுகள் அங்கே இருக்கின்றன: ஹைட்ரஜனுக்கு 486.1, 656.3, சோடியத்துக்கு 589. பிளவு மெல்லியதாக இருந்தால் வரைபடத்தில் சின்னப் பள்ளங்களாகத் தெரியும். பெட்டியை வானத்தை நோக்கி வையுங்கள், சூரியனை நோக்கி அல்ல.

கேள்வி: குண்டு பல்பின் நிறமாலை ஒரே சீராக ஏறும் என்று படித்தேன். எனக்கு மூன்று மேடுகள் வருகின்றன. பல்பில் கோளாறா?

பதில்: அந்த மேடுகள் பல்புடையவை அல்ல, கேமராவுடையவை. கேமராவின் ஒளி உணரியின் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு வடிகட்டி இறங்கி அடுத்தது ஏறும் இடங்களில், அதாவது நீலப்பச்சையிலும் மஞ்சளிலும், பள்ளம் விழும். 650-ஐத் தாண்டியதும் கோடு சரிந்து தரையைத் தொடுவதற்கும் காரணம் கேமராதான்: உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி.

உச்சம் எங்கே இருக்கிறது என்பதற்கு இந்தக் கருவி நல்ல சாட்சி. எந்த உச்சம் பெரியது என்பதற்கு, நீலத்தையும் சிவப்பையும் ஒப்பிடும் அளவுக்கு, நல்ல சாட்சி அல்ல. அப்படி ஒப்பிட வேண்டுமென்றால், நிறமாலை தெரிந்த ஒரு விளக்கைக் கொண்டு ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு திருத்தக் காரணி போட்டாக வேண்டும். ஆலசன் விளக்கு அதற்கு ஓரளவு உதவும்.

கேள்வி: ஒரே விளக்கை ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் உயரம் மாறுகிறது. சில உச்சங்கள் மேலே வெட்டிவிட்டது போலத் தட்டையாக வருகின்றன.

பதில்: இரண்டுமே தானியங்கி எக்ஸ்போஷரின் கைவரிசை. படம் நமக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வெள்ளைச் சமநிலையும் அப்படியே. தட்டையான உச்சம் என்றால் அந்தப் பிக்சல் 255-ஐத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் எண் நகராது. சராசரிக் கோட்டை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. பச்சை 255-இல் முட்டிக்கொண்டு நிற்கும்போது சராசரி 120 என்று அப்பாவியாக இருக்கும். மூன்று நிறக் கோடுகளையும் தனித்தனியே காட்டச் சொல்லிப் பாருங்கள்.

எக்ஸ்போஷரைப் பூட்டும் வசதி பிரவுசருக்குள் எல்லா கேமராவுக்கும் கிடைப்பதில்லை. லினக்ஸில் கேமராவைக் கட்டுப்படுத்தும் வி4எல்2 கருவிகள் மூலம் பூட்டிவிட்டு அப்புறம் பிரவுசரைத் திறக்கலாம். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஓப்பன் கேமரா போன்ற செயலியில் எல்லாவற்றையும் கையால் நிறுத்திப் படமெடுத்து, அந்தப் படத்தைப் பதிவேற்றுங்கள். எனக்கு நேரலையைவிட இதுவே பிடிக்கும்.

கேள்வி: தெளிவான கண்ணாடிக் கிண்ணத்தில் வண்ணத் திரவம் வைத்து உட்கவர்தலை, அதாவது எந்த நிற ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்பதை, அளக்க விரும்புகிறேன். முறை என்ன?

பதில்: மூன்று படங்கள் வேண்டும், மூன்றும் ஒரே எக்ஸ்போஷரில். விளக்கை அணைத்து இருட்டு, வெறும் கரைப்பானோடு (வண்ணம் கலக்காத தண்ணீர் போன்றது) ஒன்று, திரவத்தோடு ஒன்று. இருட்டின் அளவை மற்ற இரண்டிலிருந்தும் கழித்துவிட்டு, கரைப்பான் அளவைத் திரவ அளவால் வகுத்து, பத்தடிமான மடக்கை எடுத்தால் உட்கவர் திறன்.

பலரும் இருட்டுப் படத்தை விட்டுவிடுகிறார்கள். கரைப்பானில் 180, திரவத்தில் 60, இருட்டில் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 170-க்கு 50, விடை 0.53. கழிக்காவிட்டால் 0.48. செறிவு கணக்கிடப் போகும்போது இது பத்து விழுக்காடு பிழை.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சாதாரணப் படக்கோப்பில் உள்ள எண், ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்காது. வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. படத்தில் 128 என்பது முழு ஒளியில் பாதி அல்ல, சுமார் 22 விழுக்காடுதான். கையில் இருப்பது எப்படி என்று சோதிக்க எளிய வழி: எக்ஸ்போஷர் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். எண்ணும் இரட்டிப்பானால் நேர்விகிதம். ஆகவில்லை என்றால், மேலே சொன்ன கணக்கைத் தொடும் முன் எண்களை நேர்விகிதத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது போனில், உணரியின் எண்களை மாற்றாமல் வைக்கும் ரா கோப்பாகவே எடுக்க வேண்டும். கரைப்பானே ஒளி காட்டாத ஓரங்களில், 400-க்குக் கீழேயும் 680-க்கு மேலேயும், வகுத்தல் வெறும் இரைச்சலைப் பெரிதாக்கிக் காட்டும். அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

கேள்வி: சி.டி., டி.வி.டி., புளூ-ரே. எது நல்லது?

பதில்: டி.வி.டி. அதன் தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர், சி.டி.யில் 1.6. நேராக விழும் பச்சை ஒளியைச் சி.டி. சுமார் 20 பாகை திருப்பும், டி.வி.டி. 48 பாகை. புளூ-ரேயின் இடைவெளி 0.32 தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே அதைவிடப் பெரியது. நேராக விழுந்தால் நிறமாலையே வராது. டி.வி.டி.யே ஆனாலும் பிக்சலுக்கு அரை நானோமீட்டர் கிடைத்துவிட்டது என்று சோடியத்தின் 589.0, 589.6 கோடுகளைப் பிரித்துவிடலாம் எனக் கனவு காணாதீர்கள். தடுப்பது பிளவின் அகலம்.

கேள்வி: மூலநிரலை இறக்கிப் பக்கத்தைக் கோப்பாகத் திறந்தால் கேமரா ஓட மறுக்கிறது. ஓடினாலும், என் படங்கள் எங்காவது போய்ச் சேருமா?

பதில்: பாதுகாப்பான இணைப்பில், அதாவது எச்.டி.டி.பி.எஸ்.ஸில் அல்லது லோக்கல்ஹோஸ்டில் ஓடும் பக்கத்துக்குத்தான் பிரவுசர்கள் கேமராவை நம்பித் திறக்கின்றன. உங்கள் கணினியிலேயே சின்ன சர்வர் ஒன்றை ஓட்டி அதன் வழியே திறங்கள். பிக்சலை எண்ணாக்கும் வேலை பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடக்கூடியது. சேமி என்று அழுத்தினால்தான் பொதுவாகச் சர்வருக்குப் போகும். சந்தேகம் இருந்தால் பிரவுசரின் நெட்வொர்க் பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: இதை வைத்து எண்ணெயில் கலப்படம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: "இருக்கிறது, இல்லை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. திரவங்களின் உட்கவர் நிறமாலை அகலமான குன்றுகளாகத்தான் வரும், பல பொருள்களுக்குக் குன்று ஒரே இடத்தில் நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்கலாம். பப்ளிக் லேப் ஆட்களே கச்சா எண்ணெய் மாதிரிகளை 405 நா.மீ. லேசரால் ஒளிரச் செய்து, தெரிந்த மாதிரிகளின் வளைவோடு வைத்துப் பார்த்தார்கள். அதே பெட்டி, அதே விளக்கு, அதே எக்ஸ்போஷர் என்றால்தான் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம். சாப்பிடும் பொருள் என்றால் முடிவை ஆய்வகத்துக்கு விடுங்கள்.

கேள்வி: எந்த வடிவத்தில் சேமித்து வைப்பது?

பதில்: தரவிறக்கத்தில் சி.எஸ்.வி., ஜேசன் இரண்டும் இருந்தால் சி.எஸ்.வி. எடுங்கள், எங்கே வேண்டுமானாலும் திறக்கும். அதோடு மூலப் படத்தையும், அன்றைக்கு எடுத்த அளவுத்திருத்தப் படத்தையும், இருட்டுப் படத்தையும் ஒரே அடைவில் போடுங்கள். வெறும் சி.எஸ்.வி. மட்டும் இருந்தால், எந்த வரிசைப் பிக்சலை எடுத்தோம், உச்சம் 255-ஐத் தொட்டதா என்று பின்னால் பார்க்க வழியில்லை. படத்தை ஜேபெக்காகச் சுருக்காமல் பி.என்.ஜி.யாக வையுங்கள். பெட்டியைத் தட்டிவிட்டாலோ கேமராவைக் கழற்றி மாட்டினாலோ பழைய அளவுத்திருத்தம் செல்லாது. விளக்கை வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த அளவீடு.