குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டத்துக்குப் போனா அங்க என்ன நடக்கும்? அண்ணன் போகப் பயப்படுறாரு (பினாங்கு)

தங்கச்சி, அண்ணன் தானாவே "நிறுத்தணும்"னு சொல்லிட்டாரு, ஆனா கூட்டம்னதும் பின்வாங்குறாரு, தமிழ்ல பேசுவாங்களா, எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நானும் பட்டர்வொர்த் தான். 11 வருஷம் சம்சுவும் (மலிவு சாராயம்) பீருமா போச்சு, நிறுத்தி இப்ப 6 வருஷம்.

முதல்ல ஒரு விஷயம், இதைப் படிச்சிட்டு இன்னைக்கே பாட்டிலை எல்லாம் கீழ ஊத்திடாதீங்க. காலையில எந்திரிச்சதும் குடிச்சாத்தான் கை நடுக்கம் நிக்கும்ங்கிற நிலைமையில இருக்கிற ஆளு திடீர்னு நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. நான் ஒரு தடவை வீம்புக்கு தனியா நிறுத்தினேன், மூணாவது நாள் சுவத்துல பூச்சி ஊருதுன்னு துடைப்பத்தை எடுத்து அடிச்சிக்கிட்டு இருந்தேனாம், அப்புறம் வலிப்பு வந்து விழுந்து, அம்மா 999க்கு அடிச்சி ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சேன். அதனால முதல்ல டாக்டரைப் பாருங்க, கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) 1 வெள்ளி (ரிங்கிட்) தான், எவ்ளோ குடிக்கிறாருன்னு குறைக்காம உண்மையைச் சொல்லுங்க, நடுக்கத்துக்கு மருந்து குடுப்பாங்க இல்ல ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. இன்னொன்னு, "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க"ன்னு ஒரு பொடி விளம்பரம் வரும், தயவுசெய்து அது மட்டும் வேணாம், அதுல என்ன மருந்து இருக்குன்னு தெரியாது, அது மேல குடிச்சிட்டாருன்னா பிரஷர் இறங்கி ஆளே போயிடலாம்.

இப்ப கூட்டம். ஏ.ஏ.ன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்கிற ஊர்ல ரெண்டு குடிநோயாளிங்க, ஒருத்தர் பங்குச்சந்தை ஆளு ஒருத்தர் ஆபரேஷன் பண்ற டாக்டர், ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா உக்காந்து ஆரம்பிச்சது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தணும்ங்கிற ஆசை. ஃபீஸ் கிடையாது, ஐ.சி. (அடையாள அட்டை) கேக்க மாட்டாங்க, முழுப் பேரும் சொல்ல வேணாம். மலேசியா ஏ.ஏ.வோட இணையதளத்துல போன் நம்பர் இருக்கு, சும்மா தேடிப் போகாம முதல்ல கூப்பிடுங்க, எடுக்கிறவரே பெரும்பாலும் குடிச்சு நிறுத்தினவராத்தான் இருப்பாரு, தமிழ் பேசுறவங்க எந்தக் கூட்டத்துக்கு வர்றாங்கன்னு அவர்கிட்டயே கேளுங்க, வாசல்ல ஒருத்தர் நிக்க முடியுமான்னும் கேளுங்க. இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நான் ரெண்டு தடவை மோட்டாரை அந்தக் கட்டடத்துக்கு எதிர்ல நிப்பாட்டிட்டு அப்படியே திரும்பி பாலம் ஏறி வீட்டுக்குப் போயிட்டேன், மூணாவது தடவை ஒரு பெரியவர் கேட்டுலயே நின்னாரு, அதனால தான் உள்ள போனேன்.

உள்ள ஒரு பத்துப் பன்னெண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு தே (டீ) குடுத்தாரு அந்தப் பெரியவர், கப்ல பாதி தான் ஊத்துனாரு. மத்தவங்களுக்கு முழுசா இருக்கேன்னு பாத்தேன், அப்புறம் தான் புரிஞ்சது, என் கை ஆடுறதைப் பாத்துட்டு கொட்டாம இருக்க பாதி ஊத்தியிருக்காரு, என் மூஞ்சியைக்கூட பாக்கல. வீட்ல இருந்து கோயில் வரைக்கும் எல்லாரும் எனக்குப் புத்தி சொல்லியிருக்காங்க, இப்படி ஒருத்தர் கவனிச்சது இல்ல. ஒவ்வொருத்தரா "என் பேர் இது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லிட்டு அவங்கவங்க கதையைச் சொன்னாங்க, குறுக்க யாரும் பேசல. பேச இஷ்டமில்லன்னா "இன்னைக்கு கேக்குறேன்"னு சொன்னாப் போதும், நான் மூணு வாரம் அது மட்டும் தான் சொன்னேன். நாலாவது வாரம் அப்பா தோட்டத்துக் கள்ளுக்கடையில இருந்து ஆரம்பிச்சு அழுதுட்டேன்.

எங்க அம்மா பயந்தது வேற. சர்ச் கட்டடத்துல நடக்குதே, மதம் மாத்திடுவாங்களோன்னு. பல ஊர்ல இடத்தை சர்ச்சுல வாடகைக்கு எடுப்பாங்க, அவ்ளோதான். கடவுள்னு சொல்வாங்க, ஆனா "நாம் புரிந்துகொண்ட" கடவுள்னு தான் குடியை விட அவங்க வச்சிருக்கிற 12 படியிலயே இருக்கு. எனக்கு அது எங்க தாமான் (குடியிருப்பு) முனீஸ்வரர். படையல்ல பீர் பாட்டில் வைக்கிற சாமி தான், இப்ப எங்க வீட்டுப் படையல்ல இளநீர் வைக்கிறோம், சாமி கோவிச்சிக்கல.

பக்கத்துல தமிழ்க் கூட்டம் அமையலன்னா தமிழ்நாட்டுக் குழுக்கள் சூம்ல நடத்துறாங்க, அவங்க சாயங்காலம் 7.30ன்னா நமக்கு ராத்திரி 10 மணி, ஷிப்ட் முடிச்சு வந்து உக்காரலாம். ஆனா நேர்ல ஒரு மனுஷன் பக்கத்துல உக்காந்திருக்கிறது வேற, முடிஞ்சா அதையே பாருங்க.

நீங்களும் கூடப் போகணும்னா ஓபன் மீட்டிங்கான்னு (யார் வேணா வரலாம்) கேட்டுக்குங்க, குளோஸ்டு மீட்டிங்ல குடிப்பழக்கம் உள்ளவங்க மட்டும் தான். குடும்பத்துக்குன்னே அல்-அனான் இருக்கு, 1951ல இருந்து நடக்குது, அண்ணன் போனாலும் போகாட்டியும் நீங்க போகலாம். ராத்திரி ரொம்ப பாரமா இருந்தா மனசு விட்டுப் பேசுறதுக்கான பிஃப்ரெண்டர்ஸ் போன் லைன் 03-76272929, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

முதல் கூட்டத்தை சம்பளம் போடுற நாள்ல மட்டும் வைக்காதீங்க, அதுக்கு முன்னாடி வர்ற வாரமாப் பாருங்க. போன் பண்ண அவருக்குக் கூச்சமா இருந்தா நீங்க டயல் பண்ணி அவர் கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடுங்க, அவரே பேசட்டும்.