பேன் மருந்து போட்டாயிற்று, தலையணை மெத்தையை என்ன செய்வது?

"மகளுக்குப் பேன் மருந்து போட்டேன். வீட்டில் எதையெல்லாம் கழுவ வேண்டும், எதையெல்லாம் தூக்கிப் போட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கும் தலை அரிக்கிற மாதிரியே இருக்கும், மெத்தையைப் பார்த்தாலே உடம்பு கூசும். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நின்றேன்.

பெரியவள் அப்போது மூன்றாம் வகுப்பு. மதுரையில் வாடகை வீடு. டீச்சர் டைரியில் எழுதி அனுப்பியதோடு விடாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார். சாயங்காலம் வாசற்படியில் அவளை உட்கார வைத்து, பழைய வெள்ளை வேட்டியை விரித்துப் பேன் சீப்பால் வாரினேன். எள் கொட்டின மாதிரி விழுந்தது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஒரு முடி விடாமல் ஈர். "அம்மா, நான் அழுக்காம்மா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் எனக்கு நிதானமே இல்லை.

மருந்துக் கடையில் பெர்மெத்ரின் லோஷன் வாங்கி, பத்து நிமிடம் ஊறவைத்து அலசிவிட்டேன். பிறகு மூன்று நாள் வீட்டைக் கழுவினேன். திரைச்சீலை, பீரோவில் மடித்து வைத்திருந்த பட்டுப்பாவாடை, யாரும் தொடாத ஸ்வெட்டர் வரை. "ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்காதே" என்று வீட்டுக்காரர் சொன்னார், நான் கேட்கவில்லை. கரப்பான் பூச்சி ஸ்பிரேயை மெத்தை முழுக்க அடித்தேன். அன்று ராத்திரி சின்னவளுக்கு இளைப்பு வந்து, நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். பேனுக்காக வீட்டுக்குள் பூச்சி மருந்து அடிக்கத் தேவையே இல்லை.

அப்புறம் தலையணை. போடியில் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் இலவ மரம் உண்டு. காய் வெடிக்கிற பருவத்தில் அம்மா பஞ்சைக் கையாலேயே கொட்டை நீக்கி, சிவப்புக் கோடு போட்ட துணியில் திணித்துத் தைத்துக் கொடுத்த தலையணைகள். அதில் இரண்டைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். போனில் சொன்னபோது அம்மா திட்டவில்லை. "ஏண்டி, வெயில்ல போட்டிருந்தா போதாதா?" என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவு செய்தும் பதினோராம் நாள் அவள் மறுபடி தலையைச் சொறிந்தாள்.

தோல் டாக்டரிடம் போனோம். நான் கழுவின கதையை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டாவது தடவை மருந்து போட்டீங்களாம்மா?" போடவில்லை. அந்த மருந்து ஊர்கிற பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் ஒன்பதாம் நாள் வாக்கில் திரும்பவும் போட வேண்டும், பொரித்து வந்த குஞ்சு முட்டை வைப்பதற்குள். பேனுக்குப் பறக்கவும் தெரியாது, தாவவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போதுதான் பெரும்பாலும் ஏறுகிறது. கீழே விழுந்தால் ரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். உதிர்ந்த ஈரும் தலைச் சூடு இல்லாமல் பொரியாது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த இரண்டு தலையணைதான் ஞாபகம்.

போன வருடம் சின்னவளுக்கு வந்தபோது நான் செய்தது இவ்வளவுதான். மருந்து போடுவதற்கு முந்தின இரண்டு நாளில் அவள் தலை பட்ட துணிகள், அதாவது தலையணை உறை, போர்வை, துண்டு, போட்டிருந்த சட்டை, இவற்றை மட்டும் கொதிநீர் கலந்து ஊறவைத்துத் துவைத்தேன். 55 டிகிரி சூடாவது இருக்க வேண்டும், கை வைக்க முடியாது, குச்சியால்தான் அமுக்க வேண்டும். சீப்பு, கிளிப் எல்லாம் அதே மாதிரி சூடான நீரில் பத்து நிமிடம். மெத்தையையும் தரையையும் எப்போதும் போலப் பெருக்கியதோடு சரி. மிச்ச நேரம் முழுக்கத் தலைக்குத்தான்: இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஈரத் தலையில் பேன் சீப்பு, இரண்டு மூன்று வாரம் வரை. வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள், உங்கள் தலையையும் சேர்த்து.

நான் டாக்டர் இல்லை. கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கேட்டுவிட்டு மருந்து போடுங்கள். "சுத்தமாக இருந்தால் பேன் ஏன் வருகிறது" என்று எழுத வருகிறவர்களுக்கு: தினம் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசச் சொல்கிறவர்களுக்கு: அது கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். பாட்டி வைத்தியத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இதை என் பிள்ளை தலையில் வைக்க மாட்டேன்.

    

அம்மா தைத்ததில் மாமியார் வீட்டில் இருந்த ஒரு தலையணை மட்டும் தப்பியது. சின்னவளுக்குப் பேன் வந்தபோது அதைப் பெரிய பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கிக் கட்டிப் பரணில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து இறக்கி, ஒரு நாள் வெயில் காட்டி, புது உறை மாட்டினேன். இப்போதும் அதில்தான் படுக்கிறாள்.