ஏர் ரைஃபிளில் எந்தப் பாகங்களை மாற்றினால் நெடுநாள் உழைக்கும்?

ஸ்பிரிங் பிஸ்டன் வகை (ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளி, அது அழுத்தும் காற்றால் குண்டு பாய்வது) என்றால் முதலில் பிஸ்டன் சீலை, அதாவது பிஸ்டன் முன்முனையில் காற்றுக் கசியாமல் தடுக்கும் பாகத்தைப் பாருங்கள். பாலியூரித்தேன் சீல் நல்லது. தோல் சீலும் உழைக்கும், ஆனால் அவ்வப்போது எண்ணெய் கேட்கும். சீல் சிலிண்டரில் லேசான இறுக்கத்தோடு நகர வேண்டும். தளர்ந்தால் பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை குறைந்து, பிஸ்டன் சிலிண்டர் முனையில் மோதும், ஸ்பிரிங் சீக்கிரம் உடையும்.

அதிக விசையுள்ள ஸ்பிரிங்கைத் தேடி ஓடாதீர்கள். வேகம் கொஞ்சம் கூடும். அதிர்வு அதைவிட அதிகமாகக் கூடி ஸ்கோப்பையும் திருகுகளையும் தளர்த்தும். முனைகள் தட்டையாகத் தேய்க்கப்பட்ட ஸ்பிரிங்கும், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் வழிகாட்டிக் குழாயும் போதும். சுடும்போது ஸ்பிரிங் எழுப்பும் 'டொய்ங்' சத்தம் அடங்கினாலே பாதி வேலை முடிந்தது. ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) இல்லாமல் கழற்றினால் முகத்தில் பாயும்.

கம்ப்ரஷன் அறையில் (பிஸ்டன் காற்றை அழுத்தும் இடம்) சாதாரண மெஷின் ஆயில் விடவே கூடாது. அழுத்தச் சூட்டில் அது தீப்பற்றி சீலைக் கருக்கும். மாலிப்டினம் கிரீஸை பிஸ்டன் பக்கங்களில் மெல்லிய படலமாகத் தடவுங்கள், முன்முகத்தில் வேண்டாம்.

குழல் மடங்கும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிகிறதா? மூட்டின் மேல் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுடுங்கள், பறந்தால் மாற்றுங்கள். மலிவான பாகம், பலரும் கவனிக்காதது.

பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) இல்லாமல் சுட்டால் எந்த நல்ல பாகமும் தாங்காது. மிக லேசான பெல்லட்டும் ஏறக்குறைய அதே கதைதான்; 4.5 மி.மீ. குழலுக்கு 0.5 கிராம் அளவில் வாங்குங்கள்.