சுவாசப்பையின் காவல்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வைத்தியரின் பதில்கள்

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். பிறபொருளெதிரி உருவாகப் பல நாட்கள் ஆகும் என்கிறார்கள். அதுவரை நியூமோனியாக் கிருமியைத் தடுப்பது யார்?
மாணவி, கொட்டாஞ்சேனை

நல்ல கேள்வி, மகள். ஒவ்வொரு பக்டீரியாவையும் பெயர் சொல்லி அறிந்துவைத்திருக்க வேண்டிய தேவை உடலுக்கு இல்லை. பக்டீரியாவால் கைவிடவே முடியாத சில பொருட்களைத் தெரிந்திருந்தால் போதும். அவற்றைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளோடுதான் நாம் பிறக்கிறோம். அவற்றுள் முக்கியமானவை டோல் போன்ற வாங்கிகள். மனிதரில் 10 வகை உண்டு.

இரண்டாம் வாங்கி, நியூமோனியாவை உண்டாக்கும் பக்டீரியாவான நியூமோகொக்கசின் கொழுப்புப் புரதங்களை உணரும். நான்காவது, கிளெப்சியெல்லா போன்ற பக்டீரியாக்களின் வெளிமென்சவ்விலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளை உணரும். ஐந்தாவதற்குச் சவுக்குமுளையின், அதாவது பக்டீரியா நீந்த உதவும் வாலின், புரதமே அடையாளம். லெஜியோனெல்லா என்ற பக்டீரியா அதனிடம் பிடிபடும். ஒன்பதாவது கலத்துக்குள்ளே காத்திருந்து, விழுங்கப்பட்ட கிருமியின் டி.என்.ஏ.யைப் படிக்கும். காற்றுச் சிற்றறைகளில் ரோந்து வரும் பெருவிழுங்கிக் கலங்களும் சுவாசப்பாதையின் மேலணிக் கலங்களும் இந்த வாங்கிகளால் எச்சரிக்கை பெற்று இரசாயனச் சமிக்ஞை விடுக்கின்றன. சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நியூத்திரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் வந்து குவிகின்றன.

இந்தக் கதை ஒரு பழ ஈயில் தொடங்கியது என்பது எனக்கு இன்றும் வியப்பு. டோல் மரபணு பழுதான ஈக்கள் பூஞ்சை தொற்றி மடிவதை 1996இல் ஜூல் ஹொஃப்மன் குழுவினர் கண்டார்கள். 1998இல் புரூஸ் பொய்ட்லர் எலிகளில் நான்காம் வாங்கியின் வேலையைக் காட்டினார். இருவருக்கும் 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்பாவுக்கு இன்புளுவென்சா மாறி நான்கு நாட்களில் நியூமோனியா வந்தது. நாங்கள் கவனிக்காமல் விட்டோமா?
வெள்ளவத்தை வாசகி

உங்களில் குற்றமில்லை, தங்கச்சி. வைரசு சுவாசப்பாதையின் மேலணியைச் சிதைக்கிறது. அதோடு, அதை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்பெரோன்கள் நியூத்திரோபில்களின் வருகையைக் குறைக்கக்கூடும். டோல் வாங்கிகளும் சில காலம் மந்தமாகின்றன. வாசல் உடைந்து காவலும் தளர்ந்த அந்த நாட்களில் தொண்டையில் சும்மா கிடந்த நியூமோகொக்கஸ் கீழே இறங்குகிறது. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொண்டுபோனதும் இப்படி வந்த பக்டீரியா நியூமோனியாதான். விட்ட காய்ச்சல் மீண்டும் வந்தால், மூச்சு வேகமானால், முதியவர் திடீரெனத் தடுமாறிப் பேசினால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்கொல்லிக் குளிசையைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

நோயெதிர்ப்பைக் கூட்டும் தூள் வாங்கிக் கொடுக்கலாமா?
தெமட்டகொடை வாசகர்

வேண்டாம். இந்த வாங்கிகள் அளவுமீறித் தூண்டப்பட்டால் அழற்சி நீர் சிற்றறைகளை நிரப்பி மூச்சை அடைக்கும். கொத்தமல்லி அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். அந்தப் பணத்தை நியூமோகொக்கஸ் தடுப்பூசிக்கு வையுங்கள், சிகரெட்டை விடுங்கள்.

மூன்று வயது மகனுக்கு இரண்டு முறை நியூமோனியா. பிறவிக் குறைபாடா?
மட்டக்குளி தாய்

டோல் வாங்கிகளின் செய்தியைக் கடத்தும் புரதங்கள் பிறவியிலேயே இல்லாத பிள்ளைகள் உண்டு. ஆனால் அது மிக அரிது. அவர்களுக்கு நியூமோகொக்கஸ் இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவும். கடும் தொற்றிலும் காய்ச்சல் குறைவாக இருக்கலாம். நான் முதலில் கேட்பது வேறு: இரண்டு முறையும் ஒரே பக்கத்திலா வந்தது? அப்படியானால் எப்போதோ புரையேறிய கச்சான் துண்டு உள்ளே இருக்கலாம். பழைய எக்ஸ்ரேக்களையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சிறுவர் நோய் நிபுணரிடம் போங்கள், அம்மா.